இல்லாத வரி

யோகமலர் அந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது அது மீன்பிடிச் சாமான் விற்கிற கடை என்றுதான் நினைத்தாள். ரெக்ஸ்டேலில் அவள் குடியிருந்த மாடிக் கட்டடத்திலிருந்து இரண்டு பஸ் எடுத்துப் போக வேண்டும். முன்பக்கம் முழுக்கத் தூண்டில் கம்புகளும் கூடாரங்களும் ரப்பர் சப்பாத்துகளுமாக இருந்தன. வாசலுக்குக் கிட்ட இருந்த குளிர்பெட்டிக்குள் சின்னச் சின்னக் கிண்ணங்களில் உயிருள்ள மண்புழு அடுக்கியிருந்தது. கடைக்காரர் எட்வேட் அறுபது வயது தாண்டிய வெள்ளைக்காரர், அதிகம் பேசாதவர். காசு மெசினில் வேலை செய்து பழக்கமா என்று மட்டும் கேட்டார். ஓம் என்றதும் திங்கட்கிழமை வரச் சொன்னார்.

திங்கட்கிழமைதான் கடையின் பின்பக்கத்தைக் கண்டாள். சுவர் நீளத்துக்குத் துவக்குகள், வேட்டைத் துப்பாக்கிகள், நிரையாக நின்றன.

திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் மிசிசாகாவில் பிளாஸ்டிக் மூடி செய்யும் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் நின்றவளை, ஆலையை மூடியபோது ஒரு கடிதத்தோடு அனுப்பிவிட்டார்கள். ஐம்பத்தொரு வயதில் பதினாறு இடத்துக்கு விண்ணப்பம் போட்டுக் கிடைத்த வேலை இது. கணவன் இறந்து ஆறு வருடம், மகள் ஒட்டாவாவில். வாடகை கட்ட வேறு யாரும் இல்லை.

அவளுக்குப் பொறுக்க முடியாமல் இருந்தது ஒரு சத்தம். வாங்க வருகிறவர்கள் துவக்கைக் கையில் எடுத்தால் சும்மா பார்த்துவிட்டு வைப்பதில்லை. தோட்டா ஏற்றுகிற பிடியை இழுத்துப் பார்ப்பார்கள். 'கிளிக் கிளக்' என்று இரும்பு இரும்போடு உரசி விழும். யாழ்ப்பாணத்தில் அவளுக்குப் பதினெட்டு வயதாக இருந்தபோது காவலரணில் பஸ்ஸை மறித்து அண்ணனை இறங்கச் சொன்னவன், அண்ணன் படியில் கால் வைக்கும்போது இப்படித்தான் இழுத்தான். அதற்குப் பிறகு அண்ணனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. இங்கே அந்தச் சத்தம் ஒரு நாளைக்கு நாற்பது தரம் கேட்டது.

துவக்கை அவள் தொட வேண்டியதில்லை என்பது மட்டும்தான் ஆறுதல். பின்னால் லெஸ்லி என்று ஒரு தாடிக்காரன் நின்றான். லைசென்ஸைக் கொம்பியூட்டரில் சரிபார்த்து ஒரு துண்டு எழுதிக் கொடுப்பான். அந்தத் துண்டோடு ஆட்கள் அவளிடம் வந்து காசு கட்டுவார்கள். பிறகு லெஸ்லியே பெட்டியை வாசல்வரை கொண்டுபோய்க் கொடுப்பான். தோட்டாப் பெட்டிகள் மட்டும் அவளுடைய கையால் போகும். உள்ளங்கைக்குள் அடங்குகிற பெட்டி, தூக்கினால் கல்லுப்போலப் பாரம்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடமாகியும் இந்த விஷயம் ஒன்றையும் அவள் மரியம்மாவிடம் சொல்லவில்லை. மரியம்மா அதே மாடியில் மூன்று கதவு தள்ளி இருப்பவள். மூன்று வருடத்துக்கு முன்னர் அவளுடைய மகன் டிலக்சன் பஸ் தரிப்பில் நின்றபோது யாருக்கோ வைத்த துவக்கு வெடி அவன்மேல் பட்டுச் செத்துப்போனான். பத்தொன்பது வயதுப் பிள்ளை. "நீ எங்கை வேலை செய்யிறாய்?" என்று மரியம்மா கேட்டபோது, "மீன்பிடிச் சாமான் கடையிலை" என்று யோகமலர் சொன்னாள். அது பொய்யில்லை. ஆனால் சொல்லிவிட்டு மரியம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மரியம்மா இப்போது பிள்ளையை இழந்த தாய்மார் சிலரோடு சேர்ந்து ஒரு மனுவுக்குக் கையெழுத்துச் சேர்த்துக்கொண்டிருந்தாள். துவக்குக்கும் தோட்டாவுக்கும் தனியாக ஒரு வரி போட வேண்டும், அந்தக் காசைக் காயப்பட்டவர்களுக்கும் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. தை மாதக் கடைசியில் ஒரு பின்னேரம் மனுவோடு யோகமலரின் கதவைத் தட்டினாள்.

"மரியம்மா அக்கா, டிலக்சனைச் சுட்டது களவாய் எல்லையாலை வந்த துவக்கு எண்டு பொலிஸ் சொன்னது எண்டனீங்கள். அதுக்கு ஆர் வரி கட்டுறது?"

"எனக்குத் தெரியாதெண்டோ நினைக்கிறாய்? அதை நான் கேக்கேல்லை. வீடு வீடாய் அலுமாரிக்குள்ளை கிடக்கிறதைச் சொல்லுறன். கோவத்திலை எடுக்கிறான், குடிச்சுப்போட்டு எடுக்கிறான், வாழ்க்கை வெறுத்துப்போய் எடுக்கிறான். வாங்க முதல் ஒருக்கா யோசிக்கட்டும். விலை கூடினால் யோசிப்பினம்தானே?"

யோகமலர் கையெழுத்துப் போட்டாள். அடுத்த நாள் கடைக்குப் போனால், காசு மெசினுக்குப் பக்கத்தில் எட்வேட் வேறொரு தாளை ஒட்டியிருந்தார். இப்படி ஒரு வரி வரக்கூடாது, மான் வேட்டைக்குப் போகிற சாதாரண சனத்தை இது தண்டிக்கும், தெருவில் சுடுகிறவன் கடையில் வாங்குவதில்லை என்று அதில் இருந்தது. எட்வேட் பேனையை நீட்டியபடி நின்றார். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் அவள் அதிலும் கையெழுத்துப் போட்டாள். ஒரே கிழமையில் இரண்டு பக்கமும்.

அது நடந்து இரண்டு கிழமை இருக்கும். மாசி மாதத்துப் புதன்கிழமை, பின்னேரம் மூன்று மணி. கடையில் ஏழெட்டுப் பேர்கூட இல்லை. லெஸ்லி எழுதிக் கொடுத்த துண்டோடு ஒரு தமிழ் ஆள் அவள் முன்னால் வந்து நின்றார். அறுபத்தைந்து வயது மதிக்கலாம். துண்டில் இராஜரட்ணம் என்று பெயர் இருந்தது. இருக்கிற துவக்குகளிலேயே மலிவான ஒற்றைக்குழல், அதோடு ஒரு பெட்டி தோட்டா.

"நீங்கள் தமிழோ?"

"ஓம் அண்ணை."

அவருடைய முகம் கொஞ்சம் தெளிந்தது. "நல்லதாப் போச்சு. பின்னுக்கு நிக்கிற பெடியனிட்டைக் கேக்க வெக்கமாக் கிடந்தது. உந்தத் தோட்டா பெட்டியிலை இருபத்தைஞ்சு கிடக்குதாம். தனிய ஒண்டு ரெண்டு வாங்கேலாதோ?"

"இல்லை அண்ணை, பெட்டியாத்தான் தருவினம்."

"வீண் செலவு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னொண்டு. ஒருக்காப் பாவிச்ச துவக்கைப் பிறகு வீட்டுக்காரர் திருப்பிக் கொண்டுவந்தால், பாதிக் காசெண்டாலும் குடுப்பியளோ? மகன் வருவான்" என்று கேட்டார்.

சேட்டின் அளவு பொருந்தாவிட்டால் மாற்றித் தருவீர்களா என்று கேட்பது போலத்தான் கேட்டார். யோகமலருக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டன. அப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்தாள். மினுக்கிய வெள்ளைச் சேட், மழமழவென்று சவரம் செய்த முகம், நெற்றியில் திருநீறு. வேட்டைக் காலம் முடிந்து எவ்வளவோ நாள். வேட்டைக்குப் போகிறவர்கள் கதைக்கிற கதை ஒன்றும் அவரிடம் இல்லை. எங்கே போவது, யாரோடு போவது, குளிர் எப்படி, ஒன்றும் இல்லை. பாங்க் கடித உறையிலிருந்து காசை எடுத்து வைத்தார். உறையின் பின்பக்கத்தில் விலையும், பதின்மூன்று வீத வரியும், கூட்டுத்தொகையும் சதம் பிசகாமல் பேனையால் எழுதியிருந்தது.

அவளுக்கு விளங்கிவிட்டது. லெஸ்லியைக் கூப்பிடலாம். ஆனால் ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? இந்த ஆளின் முகம் சரியில்லை என்றா? சொல்லி, அது பிழையாகப் போய்விட்டால்? அவருடைய லைசென்ஸ் சரி, காசு சரி. விற்கமாட்டேன் என்று சொல்ல அவள் யார்? காசை ஒருதரம் எண்ணினாள், திரும்பவும் எண்ணினாள். இரண்டு கிழமையாக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்த வரி என்ற அந்தச் சொல் தானாக வாயில் வந்தது.

"அண்ணை, இந்தக் காசு காணாது."

"ஏன் காணாது? வரியும் போட்டுத்தானே கொண்டந்தனான்."

"இது புது வரி. துவக்குக்கும் தோட்டாவுக்கும் மட்டும். கவர்மெண்ட் இண்டையிலையிருந்து போட்டிருக்கு."

"எவ்வளவு?"

அந்தக் கேள்விக்கு அவள் ஆயத்தமாக இருக்கவில்லை. "நூற்றுக்கு நூறு" என்றாள்.

"நூறோ?" அவருடைய கழுத்து நரம்பு புடைத்தது. "இதென்ன பகல் கொள்ளை! பின்னுக்கு நிக்கிறவன் ஒண்டும் சொல்லேல்லையே?"

"அவருக்கு... அவருக்கு இன்னும் சரியாத் தெரியாது. மெசினிலைதான் காட்டுது." மெசினின் முகத்தை அவள் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவர் காசை ஒவ்வொன்றாக அடுக்கி உறைக்குள் வைத்தார். "பாங்க் எத்தினை மணிக்குப் பூட்டுவான்?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

மிச்சக் காசு எடுக்கப் போகிறார். அரை மணித்தியாலத்தில் திரும்பி வருவார். அல்லது வேறு கடைக்குப் போவார், அங்கே வரி இருக்காது. யோகமலர் மெசினைப் பூட்டினாள். வரிசையில் அடுத்ததாக மண்புழுக் கிண்ணத்தோடு நின்ற தொப்பிக்காரரை விலக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். ஜக்கெற் உள்ளே கொழுவிக் கிடந்தது, கைபேசி அதன் பைக்குள். பனி சப்பாத்துக்குள் ஏறியது. அவர் காரை ஸ்டார்ட் பண்ணிவிட்டார். அவள் மற்றப் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினாள், அவர் திகைத்துப் பார்க்கும்போதே கதவைத் திறந்து உள்ளே ஏறி உட்கார்ந்தாள்.

உட்கார்ந்த பிறகுதான் பயம் முழுதாக வந்தது. முன்பின் தெரியாத ஆள், அவருடைய கார், என்ன செய்யத் துணிந்திருக்கிறாரோ தெரியாது.

"என்ன பிள்ளை?"

"அண்ணை, ஒண்டு கேப்பன், கோவிக்கக்கூடாது. சாகிறதுக்கோ இந்தத் துவக்கை வாங்க வந்தனீங்கள்?"

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்த கையை எடுக்கவில்லை. "நீர் எந்த ஊர்?" என்று கேட்டார்.

"கொக்குவில்."

"மாசிப் பனிக்குள்ளை ஜக்கெற்றும் போடாமல் ஓடி வந்திருக்கிறீர்." சூட்டைக் கூட்டிவிட்டார். பிறகு முன்கண்ணாடியைப் பார்த்தபடியே கதைத்தார். "மனிசி செத்துப்போய்ப் பதினொரு மாசம். நாலு வருசத்துக்கு முதல் வேலையிடத்துப் பெடியங்களோடை மான் வேட்டைக்குப் போவம் எண்டு லைசென்ஸ் எடுத்தனான். அவள் விடேல்லை, போகேல்லை. இப்ப நித்திரை எண்டது கிடையாது. மகன்ரை பேஸ்மென்றிலை இருக்கிறன். அவை மேலை நடக்கிற சத்தம் கேக்கும். நான் இருக்கிறதாலைதான் மெல்ல நடக்கினம் எண்டு தெரியும்."

"மகனுக்குப் போன் எடுங்கோ."

"அவன் வேலையிலை."

"வேலை கிடக்கட்டும் அண்ணை."

"வேண்டாம். அவனுக்குக் கரைச்சல் குடுக்கக்கூடாதெண்டுதானே..." அதற்கு மேல் அவர் சொல்லவில்லை.

யோகமலருக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. தைரியமான சொல் ஒன்றும் அவளிடம் இருக்கவில்லை. "எனக்குப் பயமாக் கிடக்கு அண்ணை" என்றாள். பல்லு ஒன்றோடொன்று அடித்தது, குளிரா பயமா என்று அவளுக்கே தெரியவில்லை. "நான் இப்ப இறங்கிப் போனால் நீங்கள் என்ன செய்வியள் எண்டு நினைக்கப் பயமாக் கிடக்கு. எனக்கு இனி நித்திரை வராது. தயவுசெய்து எடுங்கோ."

அவர் முதல் தடவையாகத் திரும்பி அவளை முழுதாகப் பார்த்தார். ஒரு பெண்பிள்ளை தன்னால் இப்படி நடுங்குகிறாளே என்று நினைத்தாரோ என்னவோ, சேட்டுப் பையிலிருந்து கைபேசியை எடுத்து அவளுடைய மடியில் வைத்தார். "பிரசாந் எண்டு இருக்கும்" என்றார்.

பிரசாந் மிசிசாகாவில் ஓர் அலுவலகத்தில் இருந்தான். "அப்பாவுக்கு என்ன? ஹீ இஸ் ஓகே?" என்று பதறினான்.

"இப்ப ஒண்டுமில்லைத் தம்பி. என்ரை பக்கத்திலைதான் இருக்கிறார். உடனை வாங்கோ. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகோணும்." கடையின் விலாசத்தைச் சொன்னாள். என்ன கடை என்று சொல்ல வாய் வரவில்லை.

அவன் வர முப்பத்தைந்து நிமிடம் எடுத்தது. அதற்குள் லெஸ்லி வாசலுக்கு வந்து, இங்கே ஆட்கள் காத்து நிற்கிறார்கள் என்று கையால் காட்டினான். அவள் போ என்று கையை விசுக்கினாள். வேலை போய்விட்டது என்றே நினைத்தாள். இராஜரட்ணம் இடையில் ஒருதரம், "உந்த வரியை எப்ப பேப்பரிலை போட்டவங்கள்?" என்று கேட்டார். "தெரியேல்லை அண்ணை" என்றாள். அந்தப் பொய்யைக் கைவிட அப்போதும் அவளுக்குப் பயம்.

பிரசாந் வந்து காரிலிருந்து இறங்கியதும், கடையின் பெயர்ப் பலகையைப் பார்த்தான். அவள் சொல்லத் தேவையிருக்கவில்லை. அவனுடைய முகம் வெளிறிப்போனது. தகப்பனின் பக்கத்துக் கதவைத் திறந்து, பனிக்குள் முழந்தாளிட்டு, "அப்பா" என்று மட்டும் சொன்னான். அவனுடைய காரில் இருவரும் போனார்கள். இராஜரட்ணத்தின் கார் அங்கேயே நின்றது.

யோகமலர் உள்ளே போய், வாடிக்கையாளருக்கு நெஞ்சு வலி என்று லெஸ்லியிடம் சொன்னாள். இன்னொரு பொய். அன்று முழுக்க வாசல் திறக்கும்போதெல்லாம் அவர்தான் திரும்பி வருகிறாரோ என்று திடுக்கிட்டாள்.

அடுத்த அடி அவள் நினைக்காத பக்கத்திலிருந்து விழுந்தது. அன்று வீட்டுக்கு வந்து தேநீர் போட்டுக்கொண்டிருக்கும்போது மரியம்மா வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தாள். சந்தோஷத்தில் அழுதுகொண்டே கதைத்தாள். "யோகம், கேள்விப்பட்டியோ? துவக்குக்கு வரி வந்திட்டுதாம்! நூற்றுக்கு நூறாம்! ஆரோ கடையிலை கேட்டுப்போட்டு வட்ஸ்அப்பிலை போட்டிருக்கினம். நாங்கள் கேட்டது வீண்போகேல்லையடி!"

மண்புழு வாங்க வந்த அந்தத் தொப்பிக்காரர் தமிழராக இருந்திருக்க வேண்டும், வரிசையில் நின்று கேட்டிருக்கிறார். யோகமலர் அடுப்பை நிறுத்திவிட்டு நிலத்தில் உட்கார்ந்தாள். தேநீர் குடிக்கவில்லை.

வியாழக்கிழமை கடைக்கு ஆறு பேர் போன் எடுத்துக் கேட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் கதை ஆங்கிலத்துக்கு மாறி, வரி வருகிற திங்கட்கிழமையிலிருந்துதான் என்று உருமாறியிருந்தது. சனிக்கிழமை காலை அவள் பஸ்ஸால் இறங்கியபோது கார் விட இடமில்லை. கடை திறக்க முன்னரே ஐம்பது பேர் வரை வரிசையில் நின்றார்கள்.

"வரி ஒன்றும் இல்லை" என்று அவள் ஒவ்வொருவருக்கும் ஆங்கிலத்தில் சொன்னாள். யாரும் நம்பவில்லை. இல்லை என்று சொல்லச் சொல்ல, இவள் எதையோ மறைக்கிறாள் என்பது போலப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு பெட்டி எடுத்தார்கள். சில பேர் பத்துப் பெட்டி, இருபது பெட்டி என்று கூடையில் நிரப்பினார்கள். லெஸ்லி களஞ்சிய அறையிலிருந்து பெட்டிகளை உடைத்து உடைத்துக் கொண்டுவந்தான். பின்பக்கத்தில் அந்த 'கிளிக் கிளக்' சத்தம் ஓயாமல் கேட்டது. யோகமலர் ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கி, ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். இவர் எதற்கு வாங்குகிறார்? இவருடைய வீட்டில் யார் இருக்கிறார்கள்? இந்தப் பெண்ணின் கை ஏன் நடுங்குகிறது? பார்த்துத் தெரிகிற விஷயமா அது? ஒரு துவக்கை வாசலில் மறித்தாள். அதே வாயால் இன்று எத்தனையை வெளியே அனுப்புகிறாள்? இரண்டு மணிக்குத் தோட்டாத் தட்டுகள் வெறுமையாகிவிட்டன. பதினொரு துவக்கு போயிருந்தது.

கூட்டம் குறைந்ததும் வெறும் பெட்டிகளை மடித்து அடுக்கினாள்.

கடை பூட்டுகிற நேரம், எட்வேட் கணக்குத் தாளோடு முன்னால் வந்தார். கிறிஸ்மசுக்குக்கூட இப்படி விற்றதில்லை. அவருக்குச் சந்தோஷம், ஆனால் புருவம் சுருங்கியிருந்தது. "எங்கிருந்து இந்தக் கதை கிளம்பியது என்று உனக்குத் தெரியுமா? நம்முடைய கடையில்தான் கேட்டதாக மூன்று பேர் சொன்னார்கள்" என்றார்.

யோகமலர் தன் ஜக்கெற்றை முதலில் போட்டுக்கொண்டாள். வெளியே போகச் சொன்னால் உடனே போக வசதியாக இருக்கும் என்று நினைத்தாள். பிறகு சொன்னாள். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், முன்பின்னாக, அந்தப் புதன்கிழமை நடந்த எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு தோட்டா கேட்டது, பாதிக் காசு திரும்பக் கேட்டது, உறையின் பின்பக்கக் கணக்கு, எல்லாம். உங்களுடைய தாளில் பயத்தில்தான் கையெழுத்து வைத்தேன், அதை வெட்டிவிடுங்கள் என்றும் சொன்னாள்.

எட்வேட் கதிரை ஒன்றை இழுத்து உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். லெஸ்லி பின்னால் நின்று தாடியைப் பிடித்தபடி, "நான்தான் அவருக்கு எடுத்துக் கொடுத்தேன்" என்றான். "பேசாமல் இருந்தார். பேசாத ஆள் என்று நினைத்தேன்."

"நீ பொய் சொல்லியிருக்கத் தேவையில்லை" என்று எட்வேட் கடைசியில் சொன்னார். "சந்தேகம் வந்தால் யாருக்கும் விற்க மாட்டேன் என்று சொல்ல நமக்கு உரிமை இருக்கிறது. காரணம்கூடச் சொல்ல வேண்டாம்."

"எனக்கு ஒருவரும் சொல்லவில்லை."

"இல்லை" என்றார் அவர். "நான் சொல்லவில்லை."

அவர் அவளை வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஆனால் திங்களும் செவ்வாயும் வர வேண்டாம் என்றார். அந்த இரண்டு நாளும் அவள் கைபேசியைப் பார்த்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தாள். புதன்கிழமை கூப்பிட்டார். போனபோது தாளில் அவளுடைய கையெழுத்தின்மேல் கோடு போட்டிருந்தது. அந்தத் தாளை அவர் கழற்றவில்லை. வரி பிழை என்றுதான் இன்னமும் சொன்னார்.

மரியம்மாவிடம் சொல்வது அதைவிடக் கடினமாக இருந்தது. கதவைத் திறந்தவளிடம் நின்ற நிலையிலேயே சொன்னாள்.

"வரி வரேல்லை அக்கா. அது நான் சொன்ன பொய். நான் வேலை செய்யிற கடையிலை துவக்கும் விக்கிறவை."

மரியம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு வருசமாய் என்ரை வீட்டிலை வந்து சாப்பிட்டாய்" என்றாள். அவ்வளவுதான். கதவைச் சாத்திவிட்டாள். நான்கு நாள் முகம் பார்க்கவில்லை.

அந்த நாட்களில்தான் அவளைத் தேடிக் கடைக்கு இராஜரட்ணத்தின் போன் வந்தது. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் வைத்திருந்துவிட்டு அனுப்பியிருந்தார்கள். யூனியன்வில்லில் மகன் வீட்டிலிருந்து, இப்போது பேஸ்மென்றில் இல்லை, மேலே ஓர் அறையில் இருந்து எடுத்தார். லைசென்ஸைத் தானே பொலிசிடம் ஒப்படைத்துவிட்டாராம்.

"அண்ணை, அண்டைக்கு நான் சொன்ன வரி..."

"பிரசாந் சொன்னவன், அப்பிடி ஒண்டு இல்லையெண்டு." கொஞ்சம் சிரித்தது போல இருந்தது. "நான் நம்பிப்போட்டன் பிள்ளை. காருக்கு வருமட்டும் ஒரே கோவம். சாகிறதுக்கும் இந்த நாட்டிலை வரி கட்டோணுமோ எண்டு. முப்பது வருசம் சம்பளத்திலை வெட்டினவங்கள், இதிலையும் வெட்டுறாங்களே எண்டு. பதினொரு மாசத்துக்குப் பிறகு அண்டைக்குத்தான் எனக்குக் கோவம் எண்டு ஒண்டு வந்தது. அதுக்குள்ளை நீர் கதவைத் திறந்து ஏறீட்டீர்."

"இப்ப எப்பிடி அண்ணை?"

"இருக்கிறன். நல்லா இருக்கிறன் எண்டு சொல்லமாட்டன். நித்திரை மூண்டு நாலு மணித்தியாலம் வருது. செவ்வாய்க்கிழமையிலை ஆக்களோடை இருந்து கதைக்க விடுறாங்கள். போறன்."

மரியம்மா ஐந்தாம் நாள் வந்தாள். உள்ளே வந்து உட்காரவில்லை. "சித்திரை பதினொராம் திகதி கூட்டம் இருக்கு. எம்.பி.யின்ரை அலுவலகத்திலையிருந்து ஆக்கள் வருவினம். நீ வந்து கதை" என்றாள்.

"என்னத்தைக் கதைக்க?"

"நடந்ததை. நல்லதையும் சொல்லு, கெட்டதையும் சொல்லு. பாதியைச் சொல்லி என்ரை பிள்ளையின்ரை பேரிலை ஒண்டும் கேக்க எனக்கு விருப்பமில்லை."

ரெக்ஸ்டேல் சமூக மண்டபத்தில் எழுபது பேர் வரை இருந்தார்கள். எட்வேட்டும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒருவர் எழுந்து, களவுத் துவக்கு வரி கட்டாது, இது வெறும் கண்துடைப்பு என்றார். இன்னொருவர், ஓர் உயிர் தப்பினாலும் போதும் என்றார். பிறகு மரியம்மா அவளைப் பார்த்தாள்.

போய் ஒலிவாங்கியைப் பிடித்தாள். தமிழில் கதைத்தாள், ஒரு பிள்ளை பக்கத்தில் நின்று ஆங்கிலத்தில் சொன்னாள். "ஒரு மனிசனிட்டை வரி இருக்கெண்டு பொய் சொன்னனான். அவர் இண்டைக்கு உயிரோடை இருக்கிறார். அதே பொய்யாலை சனிக்கிழமை எங்கடை கடையிலை தோட்டா ஒண்டும் மிச்சம் இல்லாமல் வித்துப்போச்சு. பதினொரு துவக்கும் போச்சு. அதுகள் எந்த வீட்டிலை, ஆற்றை கையிலை இருக்கெண்டு எனக்குத் தெரியாது. வரி போடுறதெண்டால், வரப்போகுது வரப்போகுதெண்டு மாசக்கணக்காச் சொல்லாதேங்கோ. அதோடை, கவுண்டரிலை நிக்கிற எங்களுக்கு என்ன செய்யோணும் எண்டு சொல்லித் தாங்கோ. வரி மட்டும் வந்தால், அண்டைக்கு அவர் பாங்குக்குப் போய்க் காசோடை திரும்பி வந்திருப்பார்."

எம்.பி.யின் அலுவலகத்து ஆள் எழுதிக்கொண்டார். சனம் கைதட்டவில்லை, ஏசவும் இல்லை. அவள் இறங்கும்போது படியில் கால் இடறியது. எட்வேட் எழுந்து வந்து முழங்கையைப் பிடித்தார். "எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை" என்றார். "கடைசியாகச் சொன்ன ஒன்றைத் தவிர." அன்று அவரே காரில் வீட்டில் இறக்கிவிட்டார். வழி நெடுக வரியைப் பற்றித்தான் வாக்குவாதம்.

மனு ஒட்டாவாவுக்குப் போயிருக்கிறது. இதுவரை வரியும் வரவில்லை, பதிலும் வரவில்லை. கடையில் லெஸ்லிக்கும் அவளுக்கும் ஒரு நாள் பயிற்சி கொடுத்தார்கள். என்ன கேட்பது, எப்போது மறுப்பது, எந்த எண்ணுக்குப் போன் எடுப்பது என்று. அதற்குப் பிறகு இரண்டு பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். சரியாகத்தான் செய்தாளா என்பது அவளுக்குத் தெரிய வழியில்லை.

போன கிழமை மரியம்மா தேநீர் குடிக்க வந்தாள். "இன்னும் பயமாக் கிடக்கோ அங்கை நிக்க?" என்று கேட்டாள்.

"ஓம் அக்கா. முந்திச் சத்தத்துக்குத்தான் பயம். இப்ப வாற ஆக்களின்ரை முகத்தையும் பாக்கிறன். அதாலை கூடிப்போச்சு."

"விட்டிட்டு வேறை வேலை தேடன்."

யோகமலர் கோப்பையைக் கழுவி வைத்தாள். "நான் விட்டால், அந்த இடத்திலை நிக்க வாறவள் பாப்பாளோ எண்டு யோசிக்கிறன்" என்றாள்.